தொட்டியில் பூத்தது நீலோற்பலமா?

தம்பலகாமத்தான்:
நாற்றுமேடை ஒன்றில் "இலங்கையின் தேசிய மலர், நீலோற்பலம்" என்று சொல்லித் தந்த வெங்காயத்தைச் சீமெந்துத் தொட்டியில் சேறு போட்டு நட்டேன். இப்போது பூத்திருக்கிறது. நீலம் என்பதைவிடக் கத்தரிப்பூ நிறம். இதழ் இருபதுக்கு மேல். இது நீலோற்பலம்தானா?

குளக்கட்டு:
இல்லை. கந்தளாய்ப் பக்கத்துச் சின்னக் குளங்களில் நான் பார்த்தது வெளிறிய நீலம், இதழும் குறைவு. 1986இல் தேசிய மலராக அறிவித்தது நிம்ஃபேயா நௌசாலி என்ற அல்லி இனத்தை. படங்களில் பார்த்துப் பழகிய ஊதாப்பூ வேறொரு கலப்பினம் என்று பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற்பாடு காட்டினார்கள்.

கடலோரக்காரி:
நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீங்க அண்ணை. நௌசாலியிலேயே வெள்ளை, நீலம், ஊதாச் சாயல் எல்லாம் உண்டு. நெய்தல் என்று ஒரு நிலத்துக்கே பெயர் கொடுத்த பூ, ஒரே சாயத்தில் தோய்த்து எடுத்தது மாதிரியா இருக்கவேணும்?

வயல்வரம்பு:
முதலில் அது வெங்காயமே இல்லை. குறுக்கே வெட்டிப் பாருங்கள், அடுக்கு இருக்காது. கிழங்குதான். அவித்துச் சாப்பிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

குளக்கட்டு:
சரி, கிழங்கு. பூ பகலில் விரிகிறதா?

தம்பலகாமத்தான்:
ஓம், காலையில் விரிந்து பின்னேரம் மூடும். இன்னொன்று, இலையும் காம்பும் சேரும் இடத்தில் பச்சை மொட்டு மாதிரி ஒன்று. கிட்டப் பார்த்தால் நாலு குட்டி இலை, அடியில் நூல் போல வேர்.

குளக்கட்டு:
இதைத்தானே முதலில் சொல்லியிருக்கவேணும்! நௌசாலி இலையில் குட்டி போடாது. அது மைக்ரந்தா என்ற மேற்கு ஆப்பிரிக்க அல்லியின் குணம், அதன் கலப்புகளுக்கும் வரும்.

கடலோரக்காரி:
குட்டி இருந்தால் நான் விட்டுக்கொடுக்கிறேன். நிறத்துக்காக இல்லை. நாளைக்கு யாராவது குளத்தில் இறங்கி ஊதாவாகத் தெரிகிறதையெல்லாம் பிடுங்கத் தொடங்குவார்கள், அதுதான் என் பயம்.

குளக்கட்டு:
அது நியாயம். தம்பி, தொட்டியிலேயே வளருங்கள், வடிவான பூதான். கழிக்கிற இலையை மட்டும் வெயிலில் காயப் போடுங்கள். ஈரத்தில் கிடந்தால் குட்டி பிழைத்துவிடும்.

தம்பலகாமத்தான்:
போன கிழமை கழித்த மூன்று இலையை வாய்க்காலில்தான் எறிந்தேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.