பழைய அழைப்பிதழ்க் கோப்பின் மேல் புதியது பதிந்துவிடுகிறது: தடுப்பது எப்படி?

கேள்வி:
சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர் 7, கணினியில் விண்டோஸ் 7. முகூர்த்த மாதங்களில் பழைய அழைப்பிதழ் ஒன்றைத் திறந்து, பெயர்களை மாற்றி அச்சுக்கு அனுப்புவது வழக்கம். பழக்கதோஷத்தில் கை, சேமிக்கும் கன்ட்ரோல் எஸ்ஸை அழுத்திவிடுகிறது. நேற்று ஒருவர், மூத்த மகளுக்கு 2009-இல் அடித்த அதே மேட்டர் இளையவளுக்கும் வேண்டும் என்று வந்தார். கோப்பின் பெயர் மூத்தவளுடையதுதான். திறந்தால் உள்ளே வேறு யாரோ மணமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழையதை மீட்க முடியுமா? இனி நடக்காமல் இருக்க என்ன வழி?

பதில் 1:
கோப்பின் பிராப்பர்டீஸில் 'ரீட்-ஒன்லி'யை (படிக்க மட்டும்) டிக் செய்யுங்கள். ஃபோல்டர் மீது டிக் செய்தால், அப்போது உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். நாளை சேர்ப்பவற்றுக்கு ஒட்டாது.

கேள்வி கேட்டவர்:
போன வருடம் அதைச் செய்தேன், ஐயா. ஒரு திருத்தத்துக்காக டிக்கை எடுத்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்.

பதில் 2:
மறதிக்காரர்களுக்கு அது உதவாது. நானும் உங்கள் கட்சிதான். பேஜ்மேக்கரில் கோப்பைத் திறக்கும் பெட்டியிலேயே 'காப்பி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் திறந்தால் பெயரில்லாத நகல் வரும். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் புதுப் பெயர் கேட்கும். அதைவிட, பழையதை ஒருமுறை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். பிறகு சாதாரணமாகத் திறந்தாலே நகல்தான் வரும். திறக்கும் பெட்டியில் 'ஒரிஜினல்' என்பதைத் தொடாதீர்கள்.

மீட்பதற்கு, பிராப்பர்டீஸில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' (கோப்பின் முந்தைய பதிப்புகள்) பாருங்கள். ஆனால் விண்டோஸ் 7 இந்தப் பாதுகாப்பைத் தானாகப் போட்டுவைப்பது, விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
என் கோப்புகள் இருப்பது டி டிரைவில். அந்தப் பட்டியல் காலியாக இருந்தது. நல்லவேளை, அவரே பீரோவிலிருந்து மூத்தவளின் பத்திரிகையை எடுத்து வந்தார், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியபடி. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். டெம்ப்ளேட்டும் சோதித்தேன், சரியாக வேலை செய்கிறது. இன்னும் எத்தனை கோப்புகள் இப்படிப் போயிருக்கும் என்பதுதான் கவலை.

பதில் 3:
கோப்பின் பெயரில் முகூர்த்தத் தேதி வைக்கும் வழக்கம் உண்டா? 'டேட் மாடிஃபைட்' (கடைசியாகத் திருத்திய தேதி) வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கல்யாணம் முடிந்த பிறகு யாரும் அழைப்பிதழைத் திருத்த மாட்டார்கள். முகூர்த்தத்துக்குப் பிந்திய தேதி தெரிந்தால், அது பெரும்பாலும் போன கோப்பு.

கேள்வி கேட்டவர்:
தேதி வைத்திருக்கிறேன், அடுக்கிப் பார்த்தேன். பதினொன்று அகப்பட்டன. அதில் ஒன்று என் தங்கையுடையது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.