256 ஜி.பி. கார்டில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, மீதிக் கூத்து எங்கே போனது?

செய்யாற்றுக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது. பெரியப்பா நாற்பது வருஷமாகத் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர். இப்போது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இழுக்கிறார். சரி, துகில் உரிதல் ராத்திரியை முழுசாக எடுத்து வைத்துவிடலாம் என்று மச்சானிடம் சோனி ஏ.எக்ஸ்.43 ஹேண்டிகேமை இரவல் வாங்கினேன். கார்டு மட்டும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் எடுத்தேன். 256 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி., அடாப்டரோடு 650 ரூபாய். அட்டையில் பெரிய கம்பெனிப் பெயர்தான் இருந்தது. "ஆஃபர் சார்" என்றார்கள்.

4கே, நொடிக்கு 60 மெகாபிட்டில் வைத்து ராத்திரி 10.15-க்கு ஆரம்பித்தேன். முதல் கிளிப்பில் கட்டியங்காரனும் துரியோதனன் திரைப் பிரவேசமும், 38 நிமிடம், அருமையாக ஓடுகிறது. இரண்டாவது 27 நிமிடம், அதுவும் ஓடுகிறது. மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதிகூட சரியாக இருக்கிறது. வி.எல்.சி.யில் போட்டால் கறுப்புத் திரை. துகிலைத் தொடுவதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, திரௌபதியாக நிற்பவரைப் பெரியப்பா விழுந்து கும்பிடுவார். அதற்காகத்தான் மூன்று மணி வரை விழித்துக் கிடந்தேன். அது போச்சு.

கேமரா ஒரு தடவைகூட நிற்கவில்லை. சிவப்புப் புள்ளி விடிய விடிய எரிந்தது. கார்டு வேகம் பத்தவில்லையா? அடுத்த வாரம் பதினெட்டாம் போர், படுகளம். கார்டில் போட்டிருக்கும் வேக முத்திரையில் வி30 வாங்கவா, வி90 வாங்கவா?

குட்டி டைரக்டர்:

யோசிக்காமல் வி90 போடுங்கள் ப்ரோ. நான் அதுதான் வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆரணி ஸ்டுடியோ:

தம்பி, வி90-க்குக் காசைக் கொட்டாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுக்கிறவன் சொல்கிறேன், உங்கள் வியாதி வேகம் இல்லை. கார்டு மெதுவாக இருந்தால் பெரும்பாலும் கேமராவே ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுத் திரையில் புகார் சொல்லும். உங்களுடையது விடிய விடிய ஓடியிருக்கிறது.

கணக்குப் போடுவோம். 60 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 7.5 மெகாபைட். மணிக்கு 27 ஜி.பி. ஓடுகிற உங்கள் இரண்டு கிளிப்பும் சேர்ந்து 65 நிமிடம், அதாவது 29 ஜி.பி. சொச்சம். மூன்றாவது கிளிப்பில் ஐந்தாறு நிமிடம் போனதும் 32 ஜி.பி.யைத் தாண்டியிருக்கும். புரிகிறதா? அதற்குள் இருப்பது 32 ஜி.பி. கார்டு. 256 என்று பொய் சொல்ல அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கேமரா "இடம் இருக்கிறதா" என்று கேட்கும்போதெல்லாம் "இருக்கு இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொள்ளும். வாங்கியதை வைக்க இடம் கிடையாது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் கார்டின் முன்பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன.

சந்தேகம் இருந்தால் ஓடுகிற இரண்டு கிளிப்பையும் முதலில் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக்கொண்டு, கார்டை ஃபார்மட் செய்து, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள் (மேக், லினக்ஸ் என்றால் எஃப்3). கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். நான் புதுக் கார்டு எதை வாங்கினாலும் இந்தச் சோதனை முடியாமல் மண்டபத்துக்குக் கொண்டு போகமாட்டேன்.

புதுசு வாங்கும்போது பில் போடுகிற கடையில் வி30 போதும். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் விடாமல் எழுதும் என்று அர்த்தம். உங்கள் கேமராவை 100 மெகாபிட்டில் வைத்தாலும் அது கேட்பது 12.5 தான். அந்த 100-க்கு யு3 என்ற இன்னொரு வேக முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் வி30-உடன் சேர்ந்தே இருக்கும். அட்டையில் 170, 200 என்று கொட்டை எழுத்தில் இருப்பது படிக்கும் வேகம். வீட்டில் காப்பி எடுக்கும்போது உதவும், கூத்து மேடைக்கு முன்னால் உதவாது.

256 ஒன்றுக்குப் பதில் 128 இரண்டாக வாங்குங்கள். 60 மெகாபிட்டில் ஒன்று நாலரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒன்று காலை வாரினாலும் பாதிக் கூத்தாவது மிஞ்சும். அடாப்டர் வேண்டாம், முழு அளவு எஸ்.டி.யாகவே எடுங்கள். ஃபார்மட்டைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

கட்டியங்காரன் நக்கல் பேச வரும்போது கார்டை மாற்றிக்கொள்ளலாம்.

மத்தளம்:

கட்டியங்காரனை விட்டுவிட்டுக் கூத்து எடுப்பதா? அநியாயம் அண்ணா! யாராவது நீளமாக விருத்தம் பாடும்போது மாற்றச் சொல்லுங்கள்.

செய்யாற்றுக்காரரே, தொலைந்த கிளிப்பை ஃபோட்டோரெக் என்ற ஃபைல் மீட்கும் மென்பொருள் போட்டு மீட்க முடியாதா? நான் தப்பாக அழித்த ஒரு கார்டில் அது வேலை செய்தது.

ஆரணி ஸ்டுடியோ:

உங்கள் கார்டில் எழுதியது இருந்தது, அழிந்தது, திரும்பக் கிடைத்தது. இவர் கார்டில் எழுதவே இல்லையே. எங்கிருந்து மீட்க?

கட்டியங்காரன் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

செய்யாற்றுக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. ராத்திரி சோதனையைப் போட்டேன், காலையில் சிவப்பு எழுத்தில் தீர்ப்பு வந்திருந்தது. 31 ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் உருப்படி, மீதி எல்லாம் பொய். கடையில் அந்தத் திரையைக் காட்டினேன். பில் கேட்டார்கள். என்னிடம் ஏது பில்? வாய்ச்சண்டைக்குப் பிறகு 400 ரூபாய் திரும்பி வந்தது.

வி30-ல் 128 இரண்டு வாங்கியாகிவிட்டது. இரண்டையும் சோதித்துவிட்டேன், பச்சை.

பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்போ அடுத்த வருஷமும் நானேதான் கட்டணும்னு சொல்றே" என்றார். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொரு சந்தேகம் அண்ணா. பேட்டரி அன்றைக்கு நாலு தடவை மாற்றினேன், எல்லாமே மச்சானுடையது. பவர் பேங்கில் சொருகியபடியே விடிய விடிய ஓட்டலாமா?