மூன்று பிரிவு, மூன்று மாணவர் எண்ணிக்கை: எதை நம்புவது?

பொன்வண்டு:
வணக்கம். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப் படிவத்துக்கு மாணவர் எண்ணிக்கை கேட்டால் சேர்க்கைப் பிரிவு ஒன்று சொல்கிறது, தேர்வுப் பிரிவு இன்னொன்று, நிதிப் பிரிவு வேறொன்று. விடுதியில் தனி எக்செல். அதில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பதிவெண்ணே இல்லை. பெயரும் பிறந்த தேதியும் வைத்து எக்செலில் இரண்டு பட்டியலைப் பொருத்தும் விலுக்அப் போட்டேன், ஏகப்பட்டது பொருந்தவில்லை. புது மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார்கள். அதற்குள் ஏதாவது வழி உண்டா?

மலைக்கோட்டை:
மூன்றும் சரியாகவே இருக்கலாம் சார். சேர்க்கைப் பிரிவு சேர்ந்தவர்களை எண்ணும். தேர்வுப் பிரிவின் கணக்கில் படிப்பு முடிந்தும் அரியர் எழுதுகிறவர்கள் வருவார்கள். நிதிப் பிரிவுக்குக் கட்டணம் கட்டியவர்தான் மாணவர். எந்தத் தேதி நிலவரம், பகுதிநேர ஆய்வாளர் சேர்த்தியா, லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு வந்தவர் எந்தக் கணக்கில் என்று முதலில் எழுதி வாங்குங்கள். இது முடிவாகாமல் மென்பொருள் வாங்கினால் அதே சண்டை புதுத் திரையில் நடக்கும், அவ்வளவுதான்.

தாமிரபரணி:
பெயரை வைத்துப் பொருத்தவே பொருத்தாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் சு’, ஆதாரில் ‘கார்த்திக் சுந்தரம்’, விடுதி நோட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். அபார் எண்ணுக்கு (மத்திய அரசு மாணவருக்குத் தரும் அடையாள எண்) ஆதாரில் உள்ளபடி பெயர் வேண்டும், அதனால் சான்றிதழ்ப் பெயருக்கும் ஆதார்ப் பெயருக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். தேர்வுப் பதிவெண் வரும் முன்பே பிள்ளை விடுதிக்கு வந்துவிடுகிறது. ஆகவே சேர்க்கை நாளன்றே ரசீதில் ஒரு எண் கொடுத்து, டிசி வாங்கும்வரை அதை மாற்றாதீர்கள்.

அப்புறம் எக்செல். வங்கிக் கணக்கு எண் பத்தியை டெக்ஸ்ட் ஆக்காமல் தட்டினால் முன்னால் உள்ள சுழி போய்விடும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கமே சுழியாகிவிடும். விடுதி முன்பணத்தை மாணவர் கணக்குக்கு அனுப்பினால் போய்ச் சேராமல் திரும்பி வருவது பல நேரம் இதனால்தான்.

பொன்வண்டு:
நன்றி மேடம். எண் விஷயம் புரிந்தது. ஆனால் பாதியில் நின்றவர்களை என்ன செய்ய? டிசி வாங்காமலே போய்விடுகிறார்கள்.

மலைக்கோட்டை:
முக்கால்வாசி வித்தியாசம் அங்கேதான் இருக்கும். பதிவேட்டில் ‘படிப்பில் இருக்கிறாரா’ என்ற ஒரு கட்டத்துக்கு எந்த அலுவலகத்திலும் சொந்தக்காரர் கிடையாது. கட்டணம் வரவில்லை என்று நிதிப் பிரிவு விட்டுவிடும், சேர்க்கைப் பிரிவுக்குத் தகவலே போகாது, மாணவர் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் அப்படியே ஓடும். துறைத் தலைவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கல்விப் பிரிவு மட்டுமே நிலையை மாற்ற வேண்டும் என்று பதிவாளர் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை வாங்குங்கள். மற்ற கட்டங்களும் இப்படித்தான்: பெயரும் பிறந்த தேதியும் சேர்க்கைப் பிரிவுக்கு, கட்டணப் பாக்கி நிதிப் பிரிவுக்கு, அறை எண் விடுதிக்கு. மற்றவர்கள் பார்க்கலாம், தப்பு என்றால் சொல்லலாம். கை வைக்கக் கூடாது.

தாமிரபரணி:
பார்ப்பதற்கும் அளவு வேண்டும் சார். விடுதிக்குச் சாதிச் சான்றிதழ் எதற்கு? துறை வாட்ஸ்அப் குழுவில் ஆதார் எண்ணோடு முழுப் பட்டியலையும் போடுகிறார்கள், பார்த்தாலே பதறுகிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக அமலாகின்றன. உரிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 18 வயது ஆகாதவர் அந்தச் சட்டப்படி குழந்தை. முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்களே, அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் பற்றியும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

பொன்வண்டு:
ஒரே ஒரு துறையில் மட்டும் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். அரியர்காரர்களையும் நின்றவர்களையும் கழித்ததும் சேர்க்கை, தேர்வு இரண்டும் ஒத்துவந்துவிட்டன. நிதிப் பிரிவில்தான் இன்னும் இடிக்கிறது. உதவித்தொகை வரவேண்டிய பிள்ளைகளைக் கட்டணம் கட்டாதவர்கள் என்று விட்டிருக்கிறார்கள் போல. சுற்றறிக்கை வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது மாதிரி இருந்தால், பெயர்களை அடித்துவிட்டு அனுப்புங்கள்.