கிரேட் ஜிம்பாப்வேயைக் கட்டியது யார்?

கேள்வி: ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் உள்ள இந்தப் பழைய கல் நகரம், பைபிளில் வரும் சேபா அரசிக்காக வெளியார் கட்டியது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பதில் 1: இல்லைங்க. 1871-ல் அங்கே போன கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் பரப்பிய கதை அது. கட்டியவர்கள் அந்த நாட்டிலேயே வாழும் ஷோனா மக்களின் முன்னோர். 1929-லேயே கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற தொல்லியலாளர் தோண்டிப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார். பிறகும், அப்போது ரொடீசியா எனப்பட்ட அந்த நாட்டின் வெள்ளையர் அரசு அதை மறைக்கப் பார்த்தது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

பதில் 2: நான் கொத்தனார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிமதில் சில இடங்களில் 11 மீட்டர் உயரம். கருங்கல் மேல் கருங்கல், நடுவே சாந்தே கிடையாது! மேலே போகப்போகச் சுவர் உள்வாங்குகிறது. வரிசை பிசகாமல் அடுக்கிய அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

கேட்டவர்: நன்றி அண்ணா. பிழைப்புக்கு என்ன செய்தார்கள்?

பதில் 1: மாடு வளர்ப்பு, விவசாயம், தங்க வணிகம். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இருந்த வணிக நகரமான கில்வாவில் அடித்த காசும் சீனப் பீங்கான் துண்டுகளும் இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன.