ஈஸ்டின் உருவம்: சுவர் இருக்க நுண்குழல் எதற்கு?

கேள்வி (முதுகலை மாணவி):
மொட்டு விட்டுப் பெருகும் ரொட்டி ஈஸ்டுக்கு, நுண்குழல்களை (செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய புரதக் குழாய்களை) கலைக்கும் நொகோடசோல் மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். நுண்குழல்கள் கலைந்த பிறகும் மொட்டு நன்றாகப் பெருத்தது. செல் பிரிவுதான் நின்றது. நடுவில் பிளந்து பெருகும் கோல் வடிவப் பிளவு ஈஸ்டிலோ, நுண்குழல் கோளாறானால் செல் வளைகிறது, கிளைக்கிறது என்று படிக்கிறேன். உருவத்தைத் தாங்குவது செல் சுவர் என்றால், நுண்குழலுக்கு அங்கே என்ன வேலை?

பதில் 1 (பிளவு ஈஸ்ட் பைத்தியம்):
தாங்குவது சுவர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நொதியால் சுவரைக் கரைத்து, செல் வெடிக்காமல் காக்கும் சார்பிட்டால் கரைசலில் விடுங்கள். கோல் போன்ற செல் உருண்டையாகிவிடும். பாடநூல்கள் நுண்குழலைத் தூண் போல வரைந்து வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது.

உள்ளேயிருக்கும் நீரழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தள்ளுகிறது. சுவரின் முக்கியப் பொருளான குளுக்கன் புதிதாகச் சேரும் இடத்தில் மட்டும் சுவர் இளகி நீள்கிறது. குளுக்கன் தயாரிக்கும் நொதிகள் செல்லுக்குள் இருக்கும் சிறு நுண்பைகளில் ஏறி, ஆக்டின் என்ற புரதக் கம்பிகள் வழியே மயோசின் என்ற இயக்கப் புரதம் இழுக்க, முனைக்கு வந்து சேர்கின்றன. ஆக, கொத்தனார் வேலை ஆக்டினுடையது. நூல் பிடித்துக் காட்டுவது நுண்குழல். அது செல்லின் நீளவாக்கில் வளர்ந்து முனையைத் தொடும்போது வளர வேண்டிய முனையை அடையாளம் காட்டும் டீ1 (Tea1) புரதத்தை அங்கே இறக்குகிறது. டீ1 இல்லாத செல்கள் வளைவதையும் 'டி' வடிவில் கிளைப்பதையும் 1997இல் ஆய்வாளர்கள் மாட்டாவும் பால் நர்ஸும் காட்டினார்கள்.

ரொட்டி ஈஸ்ட் மொட்டுக்கான இடத்தைப் பழைய மொட்டு விட்டுச்சென்ற அடையாளத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறது. நுண்குழல் அங்கே உட்கருவை நகர்த்தவும் குரோமோசோம்களைப் பிரிக்கவும்தான்.

பதில் 2:
ஒன்று விட்டுப்போயிற்று. சுவரின் வடிவமும் நுண்குழலுக்கு வழி காட்டுகிறது. பிளவு ஈஸ்டை நுண்ணிய அறைக்குள் வளைத்து அடைத்தால் நுண்குழல் முனைகள் பக்கவாட்டில் முட்டும். அங்கேயே புதிய வளர்ச்சிமுனைக்கான புரதங்கள் கூடும். ஆய்வாளர் பிரெட் சாங் குழுவினர் 2009இல் செய்த சோதனை இது. சுவரா, நுண்குழலா, எது முதலில் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

மாணவி:
அப்படியானால் டீ1 இல்லாத செல்லில் கிளை எப்போதும் தெரிய வேண்டுமே? எங்களிடம் உள்ள வகையில் பெரும்பாலானவை நேராகவே இருக்கின்றன.

பதில் 1:
செழிப்பாக வளரும்போது செல் பழைய முனையையே பிடித்துக்கொண்டு போகும். பட்டினி போட்டு, பிறகு புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்; அப்போதுதான் கிளைகள் கூட்டமாகத் தென்படும். செல் சுவரில் ஒட்டி ஒளிரும் கால்கோஃப்ளோர் சாயமும் போடுங்கள். வளரும் முனை பளிச்சென்று ஒளிரும், வளராத முனை மங்கலாகவே நிற்கும்.