இரண்டு மின்தேக்கிகளை இணைத்தால் பாதி ஆற்றல் எங்கே போகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், நிலைமின்னியல் கணக்கு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படிக்கிறோம், மூன்று நாளாக இதிலேயே நிற்கிறோம். திங்கட்கிழமை தேர்வு.

10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை 100 வோல்ட்டுக்கு மின்னேற்றி, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மின்னூட்டமே இல்லாத இன்னொரு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியோடு இணைக்கிறோம். முதலில் இருந்த ஆற்றல் 0.05 ஜூல். இணைத்த பிறகு இரண்டிலும் 50 வோல்ட், மொத்தம் 0.025 ஜூல்தான். மின்னூட்டம் மட்டும் 1000 மைக்ரோகூலூம் என்று அப்படியே இருக்கிறது.

கணக்கில் பிழையோ என்று நால்வரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம், அதே விடைதான். விடைக்குறிப்பில் "வெப்பமாக இழக்கப்படுகிறது" என்று ஒரே வரி. சரி என்று கம்பிக்கு 100 ஓம் மின்தடை வைத்துத் தொகையிட்டோம்: வெப்பம் 0.025 ஜூல். 1 ஓம் வைத்தாலும் அதே 0.025! மின்தடை சமன்பாட்டிலிருந்து அடிபட்டுப் போய்விடுகிறது. இது எங்களுக்கு உண்மையிலேயே அழகாகத் தெரிந்தது, ஆனால் சிக்கலும் இங்கேதான். வினாவில் "மின்தடையற்ற கம்பி" என்று தெளிவாகக் கொடுத்திருக்கிறார்கள். மின்தடை பூச்சியம் என்றால் தொடக்க மின்னோட்டம் முடிவிலியாகிறது, அதற்கு மேல் தொகையிடவே முடியவில்லை.

எங்களில் ஒருத்தி நீர்த்தொட்டி உவமை சொன்னாள், உயரமான தொட்டியிலிருந்து காலித் தொட்டிக்கு நீர் பாய்வதுபோல என்று. அங்கேயும் உராய்வே இல்லாவிட்டால் நீர் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதானே இருக்கும்?

மின்தடை பூச்சியமாகவே இருந்தால் அந்த 0.025 ஜூல் எந்த வடிவில் போகிறது?