ட்ரிக்கிள் டவுன்: கசிவா, வழிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேலே சேரும் செல்வம் தானாகவே கீழே வந்துசேரும் என்ற பொருளியல் கருத்தான 'ட்ரிக்கிள் டவுன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் மடற்குழுப் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கீழ்க்கசிவு, சொட்டிறங்கல், படிவழிப் பரவல். முந்தாநாள் வந்த மடல், 'கசிவுக் கோட்பாடு' என்று வைத்து முடித்துவிடலாம் என்கிறது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். போன கிழமை பலகையில் 'கசிவுக் கோட்பாடு' என்று எழுதினேன். பணக்காரரின் வரியைக் குறைத்துச் சந்தையைத் திறந்துவிட்டால் அவர்கள் முதலிடுவார்கள், அது வேலையாகவும் கூலியாகவும் கீழே வந்துசேரும் என்று விளக்கினேன். பின்வாங்கில் இருந்த ஆயித்தியமலைப் பிள்ளை ஒருவன் எழும்பி, "கசிஞ்சா அடைக்கத்தானே சேர் வேணும்?" என்று கேட்டான். வகுப்பில் பாதிப்பேர் வயல் செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒருவரும் சிரிக்கவில்லை.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் (வறட்சிக்கால நெற்செய்கை) செய்கிறவர்களுக்குக் கசிவு என்றால் நட்டம். நண்டு துளைத்த பொந்தால் இரவிரவாகத் தண்ணீர் போய்விடும். விடியப் போய் வைக்கோலும் களியும் திணித்து, காலால் மிதித்து அடைப்பார்கள். அப்பா வரம்போரம் தண்ணீருக்குள் காலை வைத்துத் தடவியே பொந்து எங்கே என்று சொல்லிவிடுவார். மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போவது அந்தப் பொந்தால் அல்ல, வரம்பில் வெட்டிவிட்ட வாயான வக்கடையால். மேலே நிரம்பியதும் மிச்சம் வக்கடையால் வழிந்து அடுத்த வயலுக்கு இறங்கும். ட்ரிக்கிள் டவுன் சொல்வதும் இதைத்தான்: முதலில் மேலே நிரம்பட்டும், பிறகு தானாக வழியும். ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'வழிவு'. வழிவுக் கோட்பாடு, வழிவுப் பொருளியல் என்று சேர்த்தும் சொல்லலாம்.

கசிவுக்கும் பழைய நியாயம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1896இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பேசிய அமெரிக்க அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வசதியுள்ளவர்களைச் செழிக்கச் செய்தால் அந்தச் செழிப்பு கீழே கசிந்துவரும் என்று நம்புகிறவர்களைச் சாடினார். 1932இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் வில் ரோஜர்ஸ், ஏழைகளுக்குச் சொட்டும் என்ற நம்பிக்கையில் பணமெல்லாம் மேலே ஒதுக்கப்பட்டதாக எழுதினார். இரண்டுமே எதிர்த்தவர்களின் வாயில் வந்த சொற்கள். இந்தக் கொள்கையை ஆதரிக்கிறவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. மேடைப் பேச்சுக்குக் கசிவு போதும். பாடப்புத்தகத்தில் வரும் சொல், ஆதரிக்கிற பிள்ளையும் எதிர்க்கிற பிள்ளையும் ஒரே பொருளில் எழுதக்கூடியதாக இருக்கவேண்டும். கசிவு என்றாலே எங்கள் பிள்ளைக்குக் கை மண்வெட்டிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் இப்படிக் கேட்கலாம்:

> வழிவு என்றால் நன்மை கீழே போய்ச் சேருகிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா?

ஆகாது. வக்கடையைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் மேல்வயல்காரரின் கையில் இருக்கிறது. நாலு விரல் அளவு மண் எடுத்து வைத்தால் போதும், மேல்வயல் எவ்வளவு நிரம்பினாலும் கீழே வராது. அதனால்தான் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்க வட்டவிதானை என்று ஒருவர் இருக்கிறார். 1981 சிறுபோகத்தில் கல்லோயாத் திட்டத்தின் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவு. அப்போது கல்லோயா இடதுகரையில் மேல்பகுதிக் கமக்காரர் கூடிப் பேசி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சிச் சேமித்த தண்ணீரைக் கடைசி வயல்களுக்கு விட்டார்கள். அங்கே தண்ணீர் வழியவில்லை, வழியவிட்டார்கள். கோட்பாடு சொல்வது தன்வினை, வயலில் நடந்தது பிறவினை. உலகமயமாதல், உலகமயமாக்கல் என்று முன்பு இங்கே நடந்த வாதமும் இதே வினைச் சிக்கல்தான்.

எங்கள் நாட்டையே எடுங்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, தென்னாசியாவில் முதலாவதாக. சாமான் வந்தது, வேலை வந்தது, வளைகுடாவுக்குப் போகும் வழியும் வந்தது. இதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 2016 வீட்டு வருமான, செலவின ஆய்வில், மேல் 20 சதவீதக் குடும்பங்களிடம் மொத்த வருமானத்தின் 50.8 சதவீதமும் அடி 20 சதவீதத்திடம் 4.8 சதவீதமும் இருந்தன. கடனுக்காக ஈரநெல்லைக் களத்திலேயே விற்கிறவருக்கும், அதை வாங்கி உலர்த்தி விலை ஏறும்வரை வைத்திருக்கக் களஞ்சியம் உள்ளவருக்கும் ஒரே திறந்த சந்தைதான்.

இன்னொன்றையும் கலக்கக் கூடாது. பொருளியலாளர் பிராங்கோ மிலானோவிச் 1988 முதல் 2008 வரையான உலக வருமானத்தை வரைந்து காட்டினார். சீனா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் நடுத்தரத்தார் நன்றாக மேலே வந்தார்கள், உலகின் உச்சி ஒரு சதவீதத்தினரும் வந்தார்கள். பணக்கார நாடுகளின் கீழ்நடுத்தரத்தார் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாடுகளை வட்டைகளாக (வயல்வெளிகளாக) நினைத்தால், வட்டைக்கும் வட்டைக்கும் இடையில் மேடுபள்ளம் குறைந்திருக்கிறது, பல வட்டைகளுக்குள்ளே கூடியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் 'நாட்டிடை ஏற்றத்தாழ்வு', 'நாட்டக ஏற்றத்தாழ்வு' என்று தனித்தனிச் சொல் வைப்போம். உலகமயமாக்கம் ஏற்றத்தாழ்வைக் கூட்டியதா குறைத்ததா என்று இங்கே நடக்கும் சண்டையில் பாதி, யார் எதைச் சொல்கிறார் என்று தெரியாததால் வருகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். கோட்பாட்டுக்கு 'வழிவு', அரசோ சங்கமோ தலையிட்டுப் பங்கிடுவதற்கு 'வழியவிடல்' என்று பிரிக்கலாமா? பிறவினைக்கு 'வழிப்பு' என்று சுருக்க முடியாது, அது பாத்திரத்தை வழித்தெடுப்பதாகிவிடும். 'வழியவிடல்' கொஞ்சம் நீளம்தான். வக்கடை என்ற சொல் புழங்காத ஊர்களில் 'வழிவு' எப்படிக் கேட்கிறது என்று தஞ்சாவூர், யாழ்ப்பாண நண்பர்கள் எழுதுங்கள். அடுத்த தவணைக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்க எனக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.